பின்னால் வருகிறவள்

உச்சிப் பொழுது. ஒரு பக்கம் மூடிக் கிடக்கும் ஆலையின் நீண்ட மதில், மறுபக்கம் வாய்க்கால். நடுவே வளைவே இல்லாத ஒரு சாலை. பேருந்து பாலத்தோடு நின்றுவிடும். அதற்கப்பால் வீடுகளுக்கு நடந்துதான் போக வேண்டும். காக்கை கத்தவில்லை. நிழல்கூடக் காலடியில் ஒடுங்கிக்கொள்ளும் நேரம்...

“உச்சி வெயில்ல பேயா? எங்க பயத்துக்கு ஒரு மரியாதை குடுங்க சார்,” என்றார் மாடிவீட்டு வக்கீல். மின்சாரம் போய்விட்டதால் ஒற்றை மெழுகுவத்தியைச் சுற்றி நாங்கள் அனைவரும் படிக்கட்டில் நெருங்கி அமர்ந்திருந்தோம்.

அவர் மனைவி அவரைக் கிள்ளினார். “கோர்ட்லதான் சாட்சியைப் பேச விட மாட்டீங்க. இங்கயாவது விடுங்க.”

இது எனக்கு நேர்ந்ததன்று. என்னோடு பணியாற்றிய நண்பரான புவியியல் ஆசிரியரின் மகளுக்கும் மருமகனுக்கும் நேர்ந்தது. நண்பர் எனக்குச் சொன்னபடியே சொல்கிறேன்.

மருமகனுக்கு ஓர் ஒலிக் காப்பகத்தில் வேலை. பல நாட்டுக் கதைசொல்லிகளின் குரல்களை ஒலிநாடாவில் சேர்த்து வைத்திருக்கும் இடம் அது. காதில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு, மொழிபெயர்ப்புத் தாளைப் பக்கத்தில் வைத்து, ஒவ்வொரு கதையையும் கேட்டுக் குறிப்பு எழுதுவார். அங்கே ஒரு விதி உண்டு. முதன்முறை கேட்கும்போது நாடாவைப் பின்னோக்கிச் சுற்றக் கூடாது. என்ன சத்தம் குறுக்கிட்டாலும் சரி, இறுதிவரை போய்விட வேண்டும். வருடக்கணக்கில் அப்படியே பழகியவர். எதிலும் அவசரப்படாதவர். மனைவியோ எப்போதும் பத்தடி முன்னால் போய், “ஆமையாரே, விடியறதுக்குள்ள வந்துடுவீங்களா?” என்று கேட்பவள்.

ஒரு மழைக்காலத்தில் அவள் அந்த வாய்க்காலில் வழுக்கி விழுந்தாள். வெளியே எடுத்தபோது மூச்சில்லை. மருத்துவமனையில் நெடுநேரம் போராடி மூச்சை மீட்டார்கள். வலக்காலில் மட்டும் செருப்பு இருந்தது. இடக்கால் செருப்பைத் தண்ணீர் கொண்டு போய்விட்டது. கணவர் அந்த ஒற்றைச் செருப்பைக் குப்பையில் போட்டுவிட்டுப் புது ஜோடி வாங்கி வந்தார்.

உடம்பு தேறி வீடு திரும்பிய நாளில்தான் அந்த உச்சிப் பொழுது. பாலத்தில் இறங்கியதும் அவள் சொன்னாள்: “நீங்க முன்னால போங்க. திரும்பிப் பாக்காதீங்க. என் மூஞ்சி கண்டறாவியா இருக்கு.”

நோயில் கிடந்தவளின் வெட்கம் என்று அவர் எண்ணினார். நடந்தார். பின்னால் புதுச் செருப்பின் சத்தம்... சப், சப். பாதி வழியில் ஏதோ விழுந்தது போல் ஓர் ஓசை. பிறகு யாரோ மூச்சை இழுப்பது போல்... தொழில் பழக்கம். திரும்பவில்லை. சப், சப் தொடர்ந்தது. வீட்டு வாசல் வரை போய்விட்டார்.

அதன்பின் அவளிடம் குறை சொல்ல ஒன்றுமில்லை. என் நண்பரின் சொற்களில், அதுதான் குறை. உரத்துச் சிரிப்பவள் அளவாகச் சிரித்தாள். எங்கே போனாலும் கணவருக்குப் பின்னால் நடந்தாள். ஆமையார் என்ற பெயர் மட்டும் அவள் வாயில் வரவே இல்லை.

ஒரு நாள் வீட்டில் அவர் ஹெட்ஃபோன் இல்லாமல் ஒரு நாடாவை ஓட்டினார். பனி நாட்டுக் கிழவி ஒருத்தியின் குரல். அவள் மொழியில் இவளுக்கு ஒரு சொல்லும் தெரியாது. ஆனால் கதையில் வேடிக்கை வரும் இடத்தில், தாளைப் பார்த்துக்கொண்டிருந்த கணவர் சிரிக்கும் முன்பே, அடுக்களையிலிருந்து அவள் சிரித்தாள்.

அந்தக் கதை உங்களுக்கும் தெரிந்திருக்கும். இறந்த மனைவியைத் தேடி ஒருவன் பாதாளம் போகிறான். ‘அழைத்துப் போ, அவள் பின்னால் வருவாள், திரும்பிப் பார்க்காதே’ என்கிறார்கள். அவன் பார்த்துவிடுகிறான். அவள் மறைந்துவிடுகிறாள். தீவுகளிலும் பாலைவனத்திலும் மலைக்காட்டிலும், ஒருவர் முகத்தை ஒருவர் கண்டிராத மக்கள் இதையே சொல்லியிருக்கிறார்கள். காப்பகத் தலைவியான பேராசிரியை அதற்கு விளக்கம் வைத்திருந்தார். “சாவு எல்லா வீட்டுக்கும் வந்துச்சுப்பா. அதனால கதையும் எல்லா வீட்டுலயும் பொறந்துச்சு. போனவங்களை விட்டுடுங்கறதுதான் அர்த்தம்.”

நல்ல விளக்கம். நானே வகுப்பில் அப்படித்தான் சொல்லியிருப்பேன்.

வக்கீல் மெல்லக் கனைத்தார். “ஒரு விஷயம் சார். ஒரு விபத்தைப் பத்துப் பேர் பத்து மாதிரி சொன்னா நம்புவோம். பத்துப் பேரும் அச்சு அசலா ஒண்ணே சொன்னா, யாரோ சொல்லிக் குடுத்திருக்காங்கன்னு அர்த்தம்.”

மருமகனுக்கும் அதே ஐயம் வந்தது. அப்படியானால் சொல்லிக்கொடுத்தது யார்?

நான் பிள்ளைகளுக்கு ஒரு கதை சொல்வதுண்டு. ‘கிணற்றை எட்டிப் பார்க்காதே’ என்று ஆட்டுக்குட்டிகள் எல்லாம் ஒன்றுக்கொன்று நீதி சொல்லிக்கொண்டிருந்தன. ஒரு குட்டி மட்டும், ‘இதை முதலில் சொன்னது யார்?’ என்று கேட்டது. முதலில் சொன்னது கிணற்றுக்குள் ஒளிந்திருந்த ஓநாய்... எந்த நீதியைக் கேட்டாலும் அதனால் யாருக்கு ஆதாயம் என்று பார்க்க வேண்டும். திரும்பிப் பார்க்காதே என்றால், ஆதாயம் முன்னால் போகிறவனுக்கா? பின்னால் வருகிறவளுக்கா?

கீழ்ப்படியில் இருந்தவர்கள் ஒரு படி மேலே ஏறி உட்கார்ந்தார்கள்.

மருமகன் ஒரு நாள் உச்சி வேளையில் அவளைப் பாலத்துக்கு அழைத்துப் போனார். வீடு திரும்பும்போது சொன்னார்: “இன்னைக்கு நீ முன்னால நட.”

அவள் அவரையே சற்று நேரம் பார்த்தாள். அளவாகச் சிரித்தாள். நடந்தாள். அவர் கண்ணெதிரே அவளுடைய முதுகு, பின்னல், வெயிலில் காய்ந்த செருப்புச் சத்தம். சப், சப். மதிலின் பாதிவரை ஒன்றுமில்லை. ‘நாம்தான் பைத்தியம்’ என்று அவருக்குத் தோன்றியது. நிம்மதியாகக்கூட இருந்தது.

அப்போது அவருக்குப் பின்னால்...

சப்... தொம். சப்... தொம்.

ஒரு கால் செருப்பு. ஒரு கால் வெறுங்கால். ஈரமான கால். வாய்க்கால் பாசியும் சேறும் கலந்த வாடை. பிறகு மூச்சிரைக்க ஒரு குரல்.

“ஆமையாரே... கொஞ்சம் நில்லுங்களேன். இன்னைக்கு என்ன இவ்வளவு வேகம்?”

அவர் கழுத்து தானாகவே திரும்பத் தொடங்கியது. முன்னால் போனவள் நின்றாள். அவள் திரும்பவில்லை. சாலையைப் பார்த்தபடியே சொன்னாள்:

“வேண்டாங்க. திரும்பினா அவ போயிடுவா. உங்களுக்குத்தான் கதை தெரியுமே.”

திரும்பினால் பின்னால் இருப்பவள் மறைந்துவிடுவாள் என்று உலகமே சொல்கிறது. சொல்லிக்கொடுத்தது யார் என்பதில்தான் ஐயம். அந்த ஐயத்தை நம்பி மனைவியைப் பணயம் வைக்கத் துணிவு வருமா? அவருக்கு வரவில்லை. முன்னால் போனவளைத் தொடர்ந்து வீட்டுக்குப் போய்விட்டார். இப்போதெல்லாம் அந்தச் சாலையில் நடக்கும்போது ஹெட்ஃபோனைக் கழற்றுவதே இல்லையாம். அதில் எந்த நாடாவும் ஓடுவதில்லை.

“அப்ப... வீட்டுல இருக்கறது யாரு?” வக்கீலின் குரலில் கேலி இல்லை.

எனக்குத் தெரியாது. என் நண்பருக்கும் தெரியாது. மருமகன் அவரிடம் இதைச் சொல்லி அழுதபோது, அவர் நம்பவில்லை. நேரில் பார்க்கப் போனார். மகள் அன்பாகச் சோறு போட்டாள். முழங்கால் வலியைப் பற்றி விசாரித்தாள். புறப்படும்போது வாசலில் நின்று சொன்னாள்: “நேரா போங்கப்பா. திரும்பிப் பாக்காதீங்க.”

பாலம் வரை நடந்தார். மதிலின் பாதியில் அந்த வாடை வந்தது. “அப்பா” என்று ஒரே ஒரு முறை கேட்டது.

“திரும்பினீங்களான்னு கேட்டேன்” என்று நான் சொன்னதும், மெழுகுவத்தி சடசடத்தது. யாரோ அதைக் கையால் மறைத்தார்கள்.

அவர் சொன்ன பதில் இது: “எப்படிய்யா திரும்புவேன்? திரும்பினா போயிடுவாளோன்னு பயம். திரும்பலன்னா, பாவம், நடந்துக்கிட்டே இருப்பாளேன்னு பயம்.”

ஞாயிறுதோறும் அவர் உச்சி வேளையில் பாலத்தில் இறங்குகிறார். மகள் வீட்டுக்குப் போவதில்லை. மதிலின் கடைசிவரை போய், தலை குனிந்து அங்கேயே சற்று நின்றுவிட்டு, வந்த வழியே திரும்பாமல் அங்குள்ள சந்து வழியாக வீடு போய்ச் சேருகிறார். ஒரு முறை நானும் துணைக்குப் போனேன். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் அவர் மிக மெதுவாக நடந்தார். “முழங்கால் ரொம்ப வலிக்குதா?” என்று கேட்டேன்.

“வலி எனக்கில்ல,” என்றார் அவர், நேரே பார்த்தபடி. “ஒத்தைச் செருப்போட அவளால வேகமா நடக்க முடியாதில்ல...”