அடங்கும் வரை

செல்களுக்கு ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று தெரியாது. லீவு நாளானாலும் ஆய்வகத்துக்குப் போய் ஊட்டத் திரவத்தை மாற்றாவிட்டால் செத்துப்போகும். அம்மா அலுத்துக்கொள்வாள்: "உன் தம்பி இங்க இருக்கான். நீ அங்க யாருக்குடி ஊட்டப் போற?"

தம்பிக்குத்தான். அவனுக்குச் சின்ன வயதிலிருந்தே வலிப்பு. அவன் ரத்தத்திலிருந்து ஸ்டெம் செல்களை உண்டாக்கி, மூளைத் திசுவாக வளர்ப்பதுதான் என் ஆராய்ச்சி. மிளகு அளவு உருண்டைகள். அவற்றின் மின்துடிப்பை ஒலிபெருக்கியில் கேட்டால் தகரக் கூரையில் தூறல் விழுவது போலிருக்கும். வலிப்பு மருந்தைக் கலந்தால் தூறல் மங்கிவிடும். ஒருமுறை மருந்தை நிறுத்திப் பார்த்தேன். பேய்மழையாகக் கொட்டிவிட்டுத் தானாகவே அடங்கியது. அதன்பின் வந்த தூறல் முன்னைவிடத் தெளிவாக இருந்தது.

வீட்டில் தம்பி, மாத்திரை மயக்கத்தில் சாப்பாட்டுத் தட்டின் முன்னாலேயே தூங்கி விழுவான். எனக்குப் பாவமாக இருந்தது. அவன் டப்பாவில் அதே நிறச் சத்து மாத்திரைகளைப் போட்டு வைத்தேன்.

நீங்கள் அவனைப் பார்த்திருக்க வேண்டும். முகமே தெளிந்துவிட்டது. "அக்கா, தலைக்குள்ள யாரோ ஜன்னலத் திறந்துவிட்ட மாதிரி இருக்கு" என்றான். அம்மா பூரித்துப் போனாள்.

ஒரு மத்தியானம், அம்மா கடைக்குப் போயிருந்த நேரம், கூடத்தில் சரிந்தான். சரியும்போது "அக்கா" என்றான். ஒருக்களித்துப் படுக்க வைத்தேன். தலைக்கு அடியில் தலையணை கொடுத்தேன். நான் கல்நெஞ்சுக்காரி இல்லை.

வலிப்பை நிறுத்தும் அவசர மருந்து அலமாரியில்தான் இருந்தது. கொடுத்திருந்தால், தானாக அடங்குமா என்பது தெரியாமலே போயிருக்கும். போனில் படம் பிடித்தபடி காத்திருந்தேன். அம்மா வந்து கதவைத் தட்டினாள்.

"என்னடி சத்தம்? கதவத் தொற."

"கொஞ்சம் இரும்மா" என்றேன்.

அடங்கியது.

அதன் பிறகும் ஆய்வகத்துக்குப் போய்க்கொண்டுதான் இருந்தேன். அவன் செல்கள் துடித்துக்கொண்டிருந்தன. ஒலிபெருக்கியை அணைத்தேன், சத்தம் நிற்கவில்லை. தூறலுக்குள்ளிருந்து "அக்கா" என்று கேட்டது. வயரைப் பிடுங்கினேன். அப்போதும் கேட்டது. இந்த அறையிலும் கேட்கிறது.

மாத்திரையை மாற்றியது நான்தான். கதவைத் திறக்காததும் நான்தான். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். கொலை என்று மட்டும் எழுதாதீர்கள். செத்தவன் எங்காவது இப்படி விடாமல் கூப்பிடுவானா?