மூன்றாவதாகக் கூப்பிட்ட குரல்

சாயந்திரம் ஐந்தரை மணிதான். ஆனால் தை மாதம் அந்த ஊரில் அதற்குள் கும்மிருட்டு. நீளமான கல் பாலம்... பனிமூட்டம்... ஈ காக்கை இல்லை. பக்கத்தில் நெருங்கி உட்காருங்கள், சொல்கிறேன்.

ஜெர்மனியில் டான்யூப் ஆற்றங்கரையில் ரேகன்ஸ்பர்க் என்று ஓர் ஊர். நம் ஹாஸ்டல் குணாவின் பெரியப்பா மகன் கோவர்த்தனன், நாகலாபுரத்துக்காரன், கம்பெனி டிரெயினிங்குக்கு அங்கே போயிருந்தான். கல்யாணமாகி ஆறு மாதம். பெண்டாட்டி ஹரிப்ரியாவையும் கூட்டிப் போனான். எண்ணூறு வருஷத்துக் கட்டடங்கள் நிறைந்த ஊர். நம் சந்திரகிரிக் கோட்டை போலக் காலியாக இல்லை. அந்தக் காலத்து வீடுகளிலேயே ஜனங்கள் குடியிருக்கிறார்கள். ஹரிப்ரியாவுக்குத் தலைகால் புரியவில்லை. பார்த்த கல்லையெல்லாம் போட்டோ எடுத்தாள்.

அன்றைக்கும் அப்படித்தான். பாலத்தடியில், தண்ணீரை ஒட்டிய படிக்கட்டில் நின்றுவிட்டாள்.

"நீ போய்க்கினே இரு மாமா. ஒரே ஒரு போட்டோ எட்த்துக்கினு வந்துடறேன்."

"சீக்கிரம் வா. பஸ்ஸு பூடும்."

அவன் பாலத்தில் ஏறினான். கரையோரக் கடையிலிருந்து இறைச்சி சுடும் புகை வாசனை. கீழே தூண்களைச் சுற்றிச் சுழிக்கும் தண்ணீர்... குளுக்... குளுக்... பாதிப் பாலம் தாண்டியிருப்பான்.

"கோவர்த்தனா..."

பெண் குரல். கீழே இருந்து.

நடையை நிறுத்தினான். அந்த ஊரில் அவன் பெயரை முழுசாகச் சொல்ல ஆள் ஏது? ஹரிப்ரியாவா? அவள் புருஷன் பெயரை வாயில் எடுக்கவே மாட்டாள். விசா ஆபீசில் கேட்டபோதுகூட பாஸ்போர்ட்டைத் திறந்து காட்டியவள்.

"கோவர்த்தனா!"

அம்மா பச்சையம்மாள் சின்ன வயதில் சொன்னது நினைவுக்கு வந்தது. "இருட்ல பேர் சொல்லிக் கூப்டா திரும்பாத, ஏன்னு கேக்காத. பேயி ரெண்டு வாட்டிதான் கூப்டும். மூணாவது வாட்டி கூப்டா மனுசன்."

மூன்றாவது வருமா என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றான், படுபாவி. வரவில்லை. தண்ணீர்ச் சத்தம் மட்டும். திரும்பிப் பார்க்காமல் ஓடினான்.

பஸ் ஸ்டாப்பில் மூன்று பஸ் போயின. ஹரிப்ரியா வரவில்லை.

படிக்கட்டில் பாசி. வழுக்கிய தடம். போலீஸ் ஆறு நாள் தேடியும் உடம்பு கிடைக்கவில்லை. உயிர் போகிற நேரத்தில்தான் அவள் முதல்முதலாகப் புருஷன் பெயரைச் சொல்லியிருக்கிறாள். அதற்கும் அவன் ஏன் என்று கேட்கவில்லை.

ஊர் திரும்பியவன் குணாவிடம் மட்டும் வாயைத் திறந்தான். "ரெண்டு வாட்டிதான்டா கூப்ட்டா. இன்னொரு வாட்டி கூப்ட்டிருந்தா போயிருப்பேன்டா."

சித்திரையில் ஒரு நாள் ராத்திரி. நாகலாபுரத்து வீட்டில் சாப்பிட உட்கார்ந்திருந்தான். கரண்ட் போனது. வாசலில் ஈரத்துணி சொட்டும் சத்தம்... சொட்... சொட்... அதோடு இறைச்சி சுடும் புகை வாசனை.

"கோவர்த்தனா..."

ஒரே தடவை. பச்சையம்மாளுக்கும் கேட்டது. மகன் கையை இறுக்கிப் பிடித்தாள். "போவாதடா நைனா!"

அவன் முகம் மலர்ந்துவிட்டதாம். "இது மூணாவது வாட்டிம்மா. நீதான சொன்ன? மனுசிதான். வந்துட்டா."

கையை உதறினான். "தோ வந்துட்டேன்" என்று கதவைத் திறந்துகொண்டு போனான்.

இன்றுவரை திரும்பவில்லை.

விடிந்ததும் பச்சையம்மாள் வாசலுக்கு வந்தாள். ஊர்க் கிணறெல்லாம் வற்றிக் கிடந்த வெயில் காலம். முந்தின நாள் அவன் கழற்றிப் போட்ட ஷூ இரண்டிலும் விளிம்புவரை தண்ணீர். விரலை விட்டுப் பார்த்தாள்... இறங்கவில்லை. மேலே மெல்லிசாக ஐஸ் கட்டியிருந்தது.