நோயாளிக்கு நீங்க என்ன வேணும்?

நோயாளிக்கு நான் என்ன வேணும்னுதானே கேக்குறீங்க, சிஸ்டர்? ஃபாரத்துல அந்தக் கட்டத்தைக் கடைசில எழுதிக்கலாம். கிளாசுக்கு வந்த மத்த குடும்பமெல்லாம் கிளம்பியாச்சு, எனக்குன்னு ஒரு அஞ்சு நிமிசம் ஒதுக்குங்க. தையல் கம்பெனில அரை நாள் லீவு சொல்லிட்டு வந்திருக்கேன். கொஞ்சம் உக்காந்துக்கறேன், இருங்க. பின் பெஞ்சுலேர்ந்து இங்க வர்றதுக்குள்ள... ம், ஆச்சு.

தண்ணி விசயம் புரிஞ்சிருச்சு. நாள் பூரா ஒன்றரை லிட்டர்தான், காப்பி, பால் எல்லாம் அதுலயே சேர்த்தி. காலைலயே பாட்டில்ல அளந்து வெச்சிடறேன். மத்தியானத்துக்குள்ள தீந்து போயிடுது. அப்புறம் நாக்கு மேல ஒட்டிக்குது... ஒட்டிக்கும்ல, பாவம்.

எடையும் எழுதறேன், இந்தாங்க நோட்டு. எழுந்து பாத்ரூம் போயிட்டு வந்ததும், ஒண்ணும் சாப்பிடாம. மூணு நாள்ல ரெண்டு கிலோ ஏறினா உடனே ஃபோன் பண்ணணும்னீங்க. போன தடவை நாலு கிலோ ஏறிச்சு, சிஸ்டர். உடம்பு தேறிடுச்சு, முகத்துல சதை போட்டிருக்குன்னு எங்க வீட்டுக்காரர் அவ்வளவு சந்தோசப்பட்டாரு. அது அத்தனையும் நீருன்னு யாருக்குத் தெரியும்? மறுநாளே ஸ்ட்ரெச்சர்ல போட்டு இங்க கொண்டாந்தாங்க.

இதோட ரெண்டு தடவை ஆயிடுச்சு. இன்னொரு தடவைன்னா இதயம் தாங்காது, வீட்ல இருக்கறவங்க கத்துக்கிட்டே ஆகணும்னு டாக்டர் கண்டிசனா சொல்லிட்டாரு. பயமா இருக்கு, சிஸ்டர். நிஜமாவே பயமா இருக்கு.

உப்பா? அதை ஏன் கேக்குறீங்க. குறைச்சுப் போட்டு சமைச்சு வெச்சா, ஒரு வாய் வெச்சதுமே சப்புனு இருக்குன்னு எங்க வீட்டுக்காரர் சமையல்கட்டுக்குப் போய், பாத்திரத்துலயே ஒரு கை அள்ளிப் போட்டுடுவாரு. உங்க தட்டுல போட்டுக்குங்கன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன். காதுல விழுந்தாத்தானே.

கால்ல வீக்கம் இருக்கு. விரலால அமுக்கினா குழி அப்படியே நிக்குது. குனிஞ்சு அமுக்கறதுதான் பெரும்பாடு, நிமிர்றதுக்குள்ள கண்ணு இருட்டிட்டு வருது. படுத்தா மூச்சு முட்டுது, தலகாணியும் ரெண்டு போய் நாலாயிடுச்சு.

இல்ல சிஸ்டர், கூட யாரும் வரல. வீட்டுக்காரருக்கு ஆஸ்பத்திரி வாடையே ஆகாதாம். பையன், நீ போய்க் கேட்டுட்டு வந்து எங்களுக்குச் சொல்லும்மான்னுட்டான். பொண்ணு ஃபோன்லயே அழுதுட்டு வெச்சிட்டா. போன வாரம் நீங்க சொன்னதையும் ஒண்ணு விடாம சொன்னேன். டிவியைப் பாத்துக்கிட்டே தலையாட்டினாங்க. திருப்பிக் கேட்டா ஒருத்தருக்கும் ஒண்ணும் தெரியல.

அதனால ஒரு உதவி. மூச்சு முட்டினா என்ன செய்யணும்கறதை மட்டும் பெரிய எழுத்துல எழுதிக் குடுங்க, ஃப்ரிட்ஜ்ல ஒட்டிடறேன். நிமிர்த்தி உக்கார வைக்கணும், காலைத் தொங்கப் போடணும், ஆம்புலன்சைக் கூப்பிடணும். அது வர்ற வரைக்கும் ஆளைத் தனியா விட்டுட்டு நகரக்கூடாது. சரிதானே?

ஆங், அந்தக் கட்டம். என்ன வேணும்னு எழுதறது... நோட்டு அட்டைல இருக்கே பேரு, அது என் பேருதான், சிஸ்டர். ஆமா, நோவு எனக்குத்தான். எழுந்திரிக்காதீங்க, இப்ப ஒண்ணுமில்ல. கடைசியா சொன்னதை மட்டும் இன்னொரு தடவை சொல்லிக் குடுங்க. தனியா விட்டுட்டு நகரக்கூடாதுன்னீங்களே, அதை நான் எப்படிப் பண்றது?