யாருக்கும் சொந்தமில்லாத நிறம்

கன்னத்தில் பச்சை ஏறியிருக்கிறது என்று நினைத்தாள் தீபலட்சுமி. வெயிலில் எடுத்த படம் என்றால் நெற்றி மஞ்சளாக இருக்கும். வீட்டு ட்யூப் லைட் என்றால் நீலம் பாயும். இது துணியின் பச்சை. கட்டிலைச் சுற்றி இழுத்துவிடும் திரைச்சீலையின் பச்சை. உத்திரமேரூர் பஜாரில் இந்த ஃப்ளெக்ஸ் கடைக்கு வேலைக்கு வந்ததிலிருந்து எத்தனையோ கண்ணீர் அஞ்சலி பேனர் செய்திருக்கிறாள். ஒருவரும் இப்படி ஒரு படத்தைக் கொண்டுவந்ததில்லை. கம்ப்யூட்டரில் ஏகாம்பரத்தின் முகம் நிறைந்திருந்தது. அவருடைய மகன் துரைராஜ் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு விடாமல் பேசிக்கொண்டிருந்தார்.

துரைராஜ்: ...நைனா மூஞ்சி இன்னாம்மா இப்டி கீது? கொஞ்சம் செவப்பாக்கு.

தீபலட்சுமி: பச்சைய எடுத்தா தானா செவக்கும்ண்ணா. இருங்க... இப்போ?

துரைராஜ்: ஆங்! கல்யாண மாப்ள மாதிரி ஆயிட்டாரு.

தீபலட்சுமி: அவ்ளோ வாணாம், கொறைக்கறேன். பின்னாடி இன்னா கலர் வெக்கட்டும்? நீலம்?

துரைராஜ்: ஐயே, நீலம் வாணாம். அது அந்தத் தெரு ஆளுங்க கலரு.

தீபலட்சுமி: மஞ்சள்லேந்து செவப்புக்குப் போற மாதிரி...

துரைராஜ்: அது எங்க தெரு ஆளுங்க கலரு! நாளிக்கி நான் எலெக்சன்ல நிக்கணும்மா. ரெண்டு தெருவுலயும் ஓட்டு கீது.

தீபலட்சுமி: பச்சை?

துரைராஜ்: அதுல ஒரு கட்சி கீது.

தீபலட்சுமி: கருப்பு?

துரைராஜ்: அதுலயும் கீது. இன்னாம்மா நீ, இவ்ளோ பெரிய கம்ப்யூட்டர்ல யாருக்கும் சொந்தமில்லாத கலரு ஒண்ணுகூட இல்லியா?

தீபலட்சுமி: சாம்பல் கீதுண்ணா.

துரைராஜ்: ...சாம்பலா.

தீபலட்சுமி: லேசா ஊதா கலந்து வெக்கறேன். அவரு வெள்ள சட்டைக்கு எடுப்பா நிக்கும்.

துரைராஜ்: சரி, போடு. கீழ என் போட்டோ. பெருசா.

தீபலட்சுமி: ரோஸ் சட்டையில சிரிச்சிக்கினு கீறீங்களே.

துரைராஜ்: திருவிழாவுல எடுத்தது. வாய மூடிவுட முடியாதா?

தீபலட்சுமி: சட்டைய வெள்ளையாக்கலாம். வாய மூடறது கஷ்டம். வேற போட்டோ இல்லியா?

துரைராஜ்: மத்ததுலல்லாம் கூலிங் கிளாஸ் போட்டுக்கினு கீறேன்.

தீபலட்சுமி: அதுக்கு சிரிப்பே பரவால்ல.

துரைராஜ்: கிண்டலு! மேல 'ஆலமரம் சாய்ந்தது'ன்னு போடு. எழுத்து செவப்புல.

தீபலட்சுமி: சாம்பல் மேல செவப்பு தூரத்துலேந்து தெரியாது. வெள்ள வெக்கறேன். மறைவு... என்னிக்கின்னு போடட்டும்?

துரைராஜ்: அத காலியா வுடு.

தீபலட்சுமி: காலியாவா?

துரைராஜ்: அப்பறமா ஃபோன்ல சொல்றேன்.

தீபலட்சுமி: அண்ணா... பெரியவரு இப்போ எங்க கீறாரு?

துரைராஜ்: எங்க இருப்பாரு... ஆஸ்பத்திரிலதான். டாக்டரு, சொந்தக்காரங்களுக்கு சொல்லிடுங்கன்னுட்டாரு.

தீபலட்சுமி: சொல்லிட்டீங்களா?

துரைராஜ்: மொதல்ல இது முடியட்டும்னு... அப்டி பாக்காத தீபா. எங்கம்மா போனப்போ ஊர்ல கரண்ட் இல்ல. இந்தக் கடையில பேனர் அடிக்க முடியல. பங்காளி பாஸ்கர் காஞ்சிபுரம் போயி அடிச்சிக்கினு வந்து தெரு முனையில கட்டிட்டான். பொணம் வூட்டுக்கு வரச்சொல்லோ அவன் மூஞ்சிதான் அங்க நிக்குது! பெத்த புள்ள மாதிரி நின்னான்னு ஊரே அவனச் சொல்லுச்சு. எனக்கு எப்டி இருக்கும்?

தீபலட்சுமி: ம்.

துரைராஜ்: இந்தவாட்டி நான்தான் மொதல்ல கட்டணும். தப்பா?

தீபலட்சுமி: எனக்கு கலர்தான் தெரியும்ண்ணா.

துரைராஜ்: அவ்ளோதான! சேவ் பண்ணி வெய்யி. நான் ஃபோன் பண்ணா தேதியப் போட்டு பிரிண்ட்டு தட்டிவுடு.

தீபலட்சுமி: இந்தப் போட்டோ முந்தாநாள் எடுத்ததுதான?

துரைராஜ்: ஆமா... ஏன், தெளிவா இல்லியா?

தீபலட்சுமி: கால்மாட்டுல நின்னு எடுத்தீங்க. அப்டியே திரும்பிப் போயிட்டீங்க.

துரைராஜ்: உனக்கு... யாரு சொன்னது?

தீபலட்சுமி: பக்கத்துக் கட்டில்ல எங்கம்மா கீறாங்கண்ணா. நேத்து அவங்களுக்குக் கொண்டுபோன கஞ்சியில உங்க நைனாவுக்கும் ஊத்திக் குடுத்தேன். குடிச்சிக்கினே கேட்டாரு, 'எம்புள்ள வந்து போட்டோ புடிச்சிக்கினு போனானே, எதுக்கும்மா?'ன்னு. பேத்திக்கி காட்டறதுக்கா இருக்கும்னு சொன்னேன். சிரிச்சாரு... இத நான் சேவ் பண்ணலண்ணா.