ஓரத்தில் மட்டும் எபாக்ஸி

தெர்மாகோல் ஒட்டுவதற்குப் பொறுமை வேண்டும் ஐயா. நான் நின்றுகொண்டே சொல்கிறேனே, உட்கார்ந்தால் கால் ஆடிக்கொண்டே இருக்கிறது. விரலில் காய்ந்த பசையை உரிப்பதையும் தப்பாக நினைக்காதீர்கள். கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது.

கணபதி பஸ் ஸ்டாப் பக்கத்தில், கல்யாண மேடைக்குத் தெர்மாகோல் எழுத்து வெட்டித் தரும் கடை என்னுடையது. தேவதாஸ் என் பள்ளிக்கூடத்துச் சிநேகிதன். கடைக்குப் பின்னால் நாங்கள் இருவரும் சேர்ந்து, ரிமோட்டில் பறக்கும் சின்ன விமானங்கள் செய்வோம். வரைவதும் ஓட்டுவதும் அவன், ஒட்டுவது நான். நான் ஒட்டியதை ஒரு நாளும் அவன் இழுத்துப் பார்த்ததில்லை.

செருப்புத் தைப்பவர்கள் வைத்திருக்கும் சொல்யூஷன் இருக்கிறதே, அது தெர்மாகோலுக்கு எமன். ஈரமாகப் பட்டால் கரைத்துத் தின்றுவிடும். அதனால் எந்தப் புதுப் பசை வந்தாலும் வெட்டித் தள்ளிய துண்டில் தடவி, விடிந்தபின் பார்ப்போம். இறக்கைக்கு, இரண்டு டியூப் கலக்குகிற எபாக்ஸி மட்டும்தான். காய நேரமாகும், ஆனால் துரோகம் செய்யாது.

போன மாதம் அவன் ஒரு சேதி சொன்னான். ஆளில்லா விமானம் செய்யும் பெங்களூர்க் கம்பெனியிலிருந்து ஒருவர், ஆள் நீளத்துக்கு இறக்கை வைத்த எங்கள் புது விமானத்தைப் பார்க்க வருகிறாராம். பிடித்துப்போனால் வேலை. "லின்சியக் கட்டிக்கிட்டு அங்கயே போயிரலாம்னு இருக்கேன்டா கேசவா," என்றான். லின்சி அவனுக்கு நிச்சயமான பெண். நல்ல பிள்ளை, என்னை அண்ணா என்றுதான் கூப்பிடும். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அவன் போய்விட்டால் நான் யாரோடு கிடப்பேன், அதை யோசித்தானா? வயிறு எரிந்தது ஐயா, மறைக்க மாட்டேன்.

விமானம் விழுந்தால் வேலை இல்லை, வேலை இல்லாவிட்டால் பெங்களூர் இல்லை. இவ்வளவுதான். இறக்கையின் ஓரத்தில் மட்டும் எபாக்ஸி வைத்தேன். நடுவில் சொல்யூஷனைத் தாராளமாக ஊற்றி, ஈரம் போகுமுன் மேலே மரத்தகட்டை வைத்து மூடிவிட்டேன். வெளியே வழவழவென்று இருந்தது. உள்ளே அது பாட்டுக்குத் தின்றுகொண்டிருந்தது.

மறுநாள் கடைக்கு வந்த லின்சி இறக்கையை விரலால் தட்டிப் பார்த்தது. கிணத்துக்கடவுப் பெண், தேங்காய் தட்டிப் பழகிய கை. "ஏனுங்கண்ணா, உள்ள பருப்பில்லாத தேங்காயாட்டக் கேக்குதுங்களே?"

"காயறப்ப அப்படித்தான் அம்மணி. இதப் போயி அவங்கிட்டச் சொல்லிப்போடாத கண்ணு, வீணாப் பயந்துக்குவான்."

சரியென்று தலையாட்டியது. ஆனால் விமானம் விழுந்த பிறகு அந்தச் சத்தம் அதற்கு ஞாபகம் வராமல் போகுமா? எனக்கு ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. நடந்துகொண்டே இருந்தேன்.

கிணத்துக்கடவு தாண்டி ஒரு கட்டாந்தரையில் பறக்கவிட்டோம். பெங்களூர்க்காரர் வந்திருந்தார். விமானம் திரும்ப வேண்டிய இடத்தில் ஒருவர் கொடி பிடித்து நிற்பது எங்கள் வழக்கம். எப்போதும் நான்தான் நிற்பேன். அன்று கொடியை லின்சியிடம் கொடுத்தேன். "நீ நில்லு அம்மணி, ராசியான கை," என்றேன். அதற்கு அவ்வளவு சந்தோஷம்.

திருப்பத்தில்தான் இறக்கைக்குப் பாரம் அதிகம். எனக்குத் தெரியும். இறக்கை மடங்கினால் மூக்கிலிருக்கும் எஞ்சின் எங்கே போய்க் குத்தும் என்பதும் தெரியும். லின்சி கடைசிவரை கொடியை ஆட்டிக்கொண்டுதான் நின்றது.

திருப்பும்போது தான் வெடுக்கென்று இழுத்துவிட்டதாகத் தேவதாஸ் நம்புகிறான். உங்களிடமும் அப்படித்தான் சொல்லியிருக்கிறான். நேற்று அவனைப் பார்க்க வந்தபோது, "என் கையாலயே கொன்னுபோட்டேன்டா," என்று லாக்கப் கம்பியில் முட்டிக்கொண்டு அழுதான். அவன் அழுவதை என்னால் தாங்க முடியாது ஐயா. அதனால்தான் வந்தேன். லின்சியைக் கொன்றது நான். அந்த இறக்கையைப் பிளந்து பாருங்கள், வெறும் கூடு.

அவனை விட்டுவிடுங்கள். இந்தாருங்கள் கடைச் சாவி, அவனிடம் கொடுங்கள். காங்கேயத்துக் கல்யாணத்துக்கு எழுத்து பாதியில் கிடக்கிறது, அவன் முடித்துவிடுவான். நான் திரும்பி வரும்வரை கடையைப் பார்த்துக்கொண்டு இருப்பான். பெங்களூருக்கெல்லாம் போகமாட்டான்.