இருவாச்சி வந்த நேரம்

பாபநாசத்திலிருந்து நெல்லைக்கு வரும் பேருந்தில், முன் சீட்டுக்காரர் கழுத்தில் பைனாகுலர் இன்னும் தொங்கியது. மலைமேல் பறவை பார்க்கும் முகாமில் மூன்று நாள் மனைவியோடு தங்கிவிட்டு இறங்குகிறார்.

"பத்து வருசமா அலையுதேன், ஒரு இருவாச்சிகூட கண்ணுல படலியே."

"நான் பாத்தேன்," என்றார் மனைவி. "உங்க முதுகுக்குப் பின்னால, அத்திமரத்துல. சோடியா இருந்துச்சு."

"ஏட்டி, ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

"வாயத் தொறந்தா பறந்துரும்னு நீங்கதான ஏசுனிய?"

"கையத் தொட்டிருக்கலாம்லா?"

"தொட்டேன். தட்டி விட்டிய."

கல்லிடைக்குறிச்சி தாண்டும்வரை அவர் பைனாகுலர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே வந்தார். பிறகு, "எப்படி இருந்துச்சு? பைய, முதல்லருந்து சொல்லு," என்றார்.

"ஆணு ஒவ்வொரு பழமா எடுத்துப் பொட்டைக்கு ஊட்டுச்சு," என்றுவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார் மனைவி.