தென்னங்குத்தியில நாலு முகம்

இல்ல மச்சான், பேய் இல்ல. முதல்ல இரு. அந்தக் கதிரையில உளி கிடக்கு, பாத்து. இதுக்கு டிக்கி எண்டு பேர். பசிபிக் தீவுப் பக்கத்துச் சனம் மரத்தில வெட்டுற உருவமாம், அதைப் பாத்துத்தான் வெள்ளைக்காரன் தன்ர பார் வழிய இப்பிடி முகம் செஞ்சு வைக்கத் தொடங்கினவன். எனக்கும் ரெண்டு மாதத்துக்கு முதல் ஒண்டும் தெரியாது. இப்ப கேள், விடிய விடியச் சொல்லுவன்.

ஓம், பார்தான். ஏன் குரலைக் குறைக்கிறாய்? பக்கத்து வீட்டுக்குக் கேட்டா என்ன? சோகேஸ் இருந்த இடத்தில எங்கட பிள்ளை ரொஷேலுக்கு ஒரு பார் கவுண்டர் போட்டிருக்கு. சோகேஸை அறைக்குள்ள தள்ளினது உன்ர தங்கச்சிதான். ஐறீனை ஏன் முறைக்கிறாய், அவள் தேத்தண்ணி ஊத்துறாள், விடு. கேக்கிறதை என்னட்டக் கேள்.

பிள்ளை இதில நிண்டுதான் கொக்டெயில் கலக்கிப் பழகுறாள். ஃபோனை அந்த ஸ்டாண்டில வச்சு வீடியோ எடுத்துப் போடுறாள். போன மாதம் நீர்கொழும்பில ஒரு வெடிங்குக்குக் கலக்கக் கூப்பிட்டவங்கள், கறுப்புக் கோட் போட்டுக்கொண்டு போனாள் பார், நான் பல்கனியில நிண்டு தெரு முடியுமட்டும் பாத்தனான்.

என்ன? துணி போட்டு மூடுறதோ? ஓ, அதுக்குத்தான் வத்தளையில இருந்து இந்த வெயிலுக்க வந்தனீ. வாற ஞாயிறு பொம்பிளை பாக்க வாற ஆக்கள் இதைக் கண்டா என்ன நினைப்பினம் எண்டு. நினைக்கட்டும். மூட மாட்டன். வந்து இருக்கட்டும், முதல் கிளாஸை அவள் கையாலேயே நீட்டட்டும். இஞ்சிச்சாறும் அன்னாசியும் போட்டு ஒண்டு செய்வாள், ஒரு சொட்டுச் சாராயம் இல்ல, மாப்பிள்ளையின்ர அம்மாவும் குடிக்கலாம். அதையும் குடிக்க மாட்டினம் எண்டா, வந்த வழி தெரியும்தானே.

சிரிக்காத. ஓம், மூக்குக் கோணல்தான். துறைமுகத்தில முப்பத்தொரு வருசம் பேனை பிடிச்ச கை இது, உளி பிடிச்ச கை இல்ல. களனிப் பக்கம் மர ஆலைக்காரன் சொன்னவன், அங்கிள், தென்னங்குத்தி வேண்டாம், வெளியில இரும்பு, உள்ளுக்குப் பஞ்சு, பழகிறவருக்குச் சரிவராது எண்டு. முகமூடி செய்யிற மெல்லிய மரம் தாறன் எண்டவன். நான் கேக்கேல்ல. முதல் குத்தி நெத்தியில இருந்து நாடி மட்டும் பிளந்துது. அடுத்ததில மூக்கு உடைஞ்சு பறந்து பல்கனியால கீழ விழுந்துது, கீழ் வீட்டு ஹமீமா ராத்தா அதைத் தூக்கிக்கொண்டு மேல வந்தவ. சத்தத்துக்கு ஏசப்போறா எண்டு பாத்தா, கொஞ்ச நேரம் உத்துப் பாத்திட்டு, றேமண்ட் அண்ணன், பல்லு காணாது, இன்னும் ரெண்டு வெட்டுங்க எண்டுட்டுப் போறா. பெருவிரலில ரெண்டு தையல். இந்தா, பார்.

தச்சுவேலை பாஸ் ஒருத்தரைப் பிடிச்சா ரெண்டு நாளில முடிச்சுத் தருவார், தெரியும். எல்லாரும் அதைத்தான் சொல்லினம். எனக்கு வேண்டாம்.

என்ன சொன்னனீ? திருப்பிச் சொல்லு.

ரொஷேல் பாரில வேலை செய்த ஹோட்டலுக்கு மொட்டைக் கடிதம் போட்டவன் நல்ல மனுசனோ? ஒரு கத்தோலிக்கப் பிள்ளையை அந்த இடத்தில இருந்து எடுத்துவிட்டவனோ? கோயில் வாசலிலயும் நீ இதைத்தான் சொன்னனியாம். கேட்டுக்கொண்டுதான் இருந்தனான்.

அதை எழுதினது நான் மச்சான்.

நான்தான். ஜம்பட்டா வீதிக் கொம்யூனிகேஷன் கடையில இங்கிலிஷில டைப் அடிச்சு, பேர் போடாமல். கூட்டாளிமாருக்குச் சும்மா குடிக்கக் குடுக்கிறாள் எண்டு எழுதினனான். பச்சைப் பொய். அப்பவும் இப்பிடித்தான் ஒரு இடத்தில இருந்து பொம்பிளை கேட்டு வந்தவை, பாரில நிக்கிற பிள்ளை எண்டு முகத்தைச் சுழிச்சவை, எனக்குப் பொறுக்கேல்ல. மூண்டு கிழமை விசாரிச்சாங்கள். ஒண்டும் பிடிபடேல்ல. எண்டாலும் வேலையில வைக்கேல்ல. அவள் இந்த அறைக்குள்ள நாலு மாதம் சுவரைப் பாத்துக்கொண்டு கிடந்தாள், நான் வெளியில இருந்து பேப்பர் வாசிச்சனான்.

தெரியும். அவளுக்குத் தெரியும். ஈஸ்டர் முடிஞ்சு அடுத்த கிழமை நானே சொல்லிப்போட்டன். இல்ல, அழேல்ல. கத்தவும் இல்ல. ஒரு கடதாசியில நாலு முகம் கீறிக்கொண்டு வந்து மேசையில வச்சாள். என்ர கவுண்டருக்கு இது வேணும், தென்னை மரத்தில, கடையில வாங்கக்கூடாது, பாஸைப் பிடிக்கக்கூடாது, நீங்களே வெட்டுங்கோ, வேற ஆரும் குத்தியைப் பிடிக்கவும் கூடாது, முடியுமட்டும் என்னோட கதைக்க வராதேங்கோ எண்டாள். டடி எண்டு கூடச் சொல்லேல்ல.

ரெண்டு முடிஞ்சுது. இது மூண்டாவது. நேற்று அந்தப் பக்கம் போகேக்க ஒருக்கா நிண்டு பாத்தவள்.

என்ன மச்சான், எழும்பிட்டாய்? இல்ல இல்ல, குத்தியைப் பிடிக்காத. ஆடினா ஆடட்டும். கையை எடு. ஆரும் பிடிக்கக்கூடாதெண்டவள்.